மூன்று பதக்கங்களும் ஒரு தடையும்

ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இருக்கலாம். ஓடாமலே ஓட்டத்தை வளர்க்க முடியும் என்று கண்டுபிடித்தவர் திருப்பூர்க்காரர் என்பதில் சண்டைக்கு இடமே இல்லை. அவர் பெயர் கிட்டுசாமி. பனியன் கம்பெனி முதலாளி. 'தேசிய ஓட்டப் பேரவை'யை நிறுவியவர். முதல் ஆண்டு ஓடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே நிர்வாகிகள் தேர்தல் மட்டும் சிறப்பாக நடந்தது. அந்த மரபு இன்றுவரை காப்பாற்றப்பட்டு வருகிறது. எழுபது வயதைக் கடந்தவர் தலைவராக இருக்கக் கூடாது என்று விதி வந்தபோது, பதவியை மகன் மகுடேஸ்வரன் கையில் கொடுத்தார். பேரவையின் வரலாற்றில் கோல் கீழே விழாமல் முடிந்த தொடர் ஓட்டம் அது ஒன்றுதான்.

மதுமதிக்கு இந்த வரலாறு மனப்பாடம். அவள் வேலை பார்ப்பதே மகுடேஸ்வரனின் கம்பெனியில்தான். செக்கிங் மேசையில் நின்று, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. எண்ணூறு மீட்டர் ஓடுவது அவள் ஆசை. இந்த ஆண்டு தேசியப் போட்டி பல்லடத்துப் பக்கமே நடந்தது. முதலில் வருபவருக்கு ரயில்வேயில் வேலை. மற்றவர்களுக்குக் கைதட்டல்.

எல்லோருக்கும் சீருடையைத் தலைவரே 'அன்பளிப்பாக'த் தைத்துக் கொடுத்தார். அதைப் போடாதவர் ஓடக் கூடாது. மார்பில் மகுடேஸ்வரன் சிரித்தார். முதுகில் கிட்டுசாமி சிந்தித்தார். மதுமதி போட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னும் இரண்டு பேர் குடியிருக்கலாம். நேராகச் சேம்பிள் பிரிவு ராஜவேலிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, இதென்ன கூடாரமுங்களா?"

"அப்ரூவ்டு சேம்பிள் கண்ணு. தலைவரே போட்டுப் பாத்து, கண்ணாடி முன்னால திரும்பிப் பாத்து, கையெழுத்தும் போட்டுட்டாரு. இனிக் கால் இஞ்ச் கொறைக்க முடியாது."

"ஓடறது நானுங்களே!"

"ஆர்டர் குடுத்தது அவரில்ல அம்மிணி?"

எண்ணட்டையை எங்கே குத்துவது என்று 'தொழில்நுட்பக் குழு' ஒரு மதியம் முழுக்க விவாதித்தது. முன்னால் குத்தினால் தலைவரின் மூக்கு மறையும். பின்னால் குத்தினால் நிறுவனரின் மூக்குக் கண்ணாடி மறையும். தலைமை இல்லாத இடம் எதுவோ அங்கே குத்தலாம் என்று முடிவானது. தேடியதில், முன்பக்கக் கீழ் ஓரத்தில் மடிப்புத் தையலை ஒட்டி ஒரு சாண் கிடைத்தது.

பந்தயத்தன்று ஆடிக் காற்று பேயாய் அடித்தது. கடைசித் திருப்பத்தில் மதுமதி எல்லோரையும் முந்திவிட்டாள். அப்போது பின்னாலிருந்து காற்று சீருடைக்குள் புகுந்தது. தலைவரின் முகம் பலூன் போல் உப்பி, அவளுக்கு முன்னால் பாய்ந்து, கோட்டைத் தாண்டியது.

முடிவுக்கோட்டுப் புகைப்படத்தைக் குழு வெகுநேரம் பார்த்தது.

"மார்பு தாண்டினாத்தான் கணக்குங்க," என்றார் செயலாளர் சண்முகவேல். "மார்புல இருந்தது யாருங்க?"

"தலைவருங்க," என்றது குழு.

"ரெண்டாவதா வந்த புள்ள மார்புல?"

"அதுலயும் அவருதானுங்க."

"மூணாவது?"

"கேக்கோணுமுங்களா?"

ஒரே பந்தயத்தில் மூன்று பதக்கங்களையும் வென்ற முதல் மனிதர் என்ற பெருமை மகுடேஸ்வரனைச் சேர்ந்தது. மேடையின் மூன்று படிகளிலும் மாறி மாறி ஏறி நின்றார். இறங்கும்போது மூச்சு வாங்கியது. கடும் உழைப்பு.

அந்த நேரம் பார்த்து, ஊக்கமருந்துச் சோதனைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஜெயபாண்டி ஒரு குப்பியை நீட்டினார். "ஜெயிச்சவரு யாருங்க? இதுல ஒண்ணுக்கு இருந்து குடுக்கணும்."

மகுடேஸ்வரன் குப்பியைப் பார்த்தார். மதிய விருந்தில் குடித்ததை நினைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பேரவையின் நீண்ட வரலாற்றில் ஒரு தலைவர் ஓடியது அதுவே முதல் முறை. கார் வரைக்கும் நல்ல வேகம்.

"நா குடுக்கறனுங்க," என்றாள் மதுமதி.

"நீங்க ஜெயிக்கலையேம்மா. ஜெயிச்சவரு சோதனைக்கு மறுத்துட்டாருன்னுதான் எழுதணும். நாலு வருசம் தடை."

"அவருக்குங்களா?"

ஜெயபாண்டி புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். முகத்துக்குக் கீழே, காற்று மறைக்காத ஒரே இடத்தில், மதுமதியின் எண் பளிச்சென்று இருந்தது.

"நாங்க எண்ணைத்தாம்மா எழுதுவோம். முகத்தை எழுத மாட்டோம்."

பதக்கம் முகத்துக்கு, தடை எண்ணுக்கு. இவ்வளவு நேர்மையான பங்கீட்டை வேறெந்தப் பேரவையில் காண முடியும்? ரயில்வே வேலையைத் தலைவர் பெருந்தன்மையோடு தன் மருமகனுக்கு விட்டுக்கொடுத்தார்.

மதுமதி செக்கிங் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டுச் சீருடைகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாக விரித்தாள். ஒவ்வொன்றிலும் தலைவரின் முகத்தில் சிவப்பு அம்பை ஒட்டினாள். ராஜவேல் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மிணி, எல்லாத்தையும் டேமேஜுன்னு ஒதுக்கி வெச்சிருக்க? துணி நல்லாத்தான இருக்குது? தையலும் நல்லாத்தான இருக்குது?"

"ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் மதுமதி, அடுத்த அம்பை உரித்தபடி.