சந்திரகலாவின் திட்டும் முக்காடு போட்ட விக்டோரியாவும்

இன்று என் மனைவியிடம் திட்டு வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

காரணம் இருக்கிறது. ஏழு மாதமாகச் சந்திரகலா செராஸில், மகள் லோஜினி வீட்டில், பேரனைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் தனியாக. போன் வரும். "சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா? சரி, பையன் அழறான்." அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு விக்டோரியா பவுன் காசு வாங்கினேன். விஷயம் கேட்டதுமே கிராப் டாக்சி பிடித்து வந்துவிட்டாள். மூன்று மணி நேரம் திட்டு. நடுவில் பசித்து ரசம் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். போகும்போது காசையும் கையோடு கொண்டுபோய்விட்டாள். ஐயோ, இந்த ஏழு மாதத்தில் நான் மனுஷனாக இருந்ததே அந்த மூன்று மணி நேரம்தான்!

ஆகவே இன்று காலை, பழங்காசு விற்கும் ஜீவன் கடைக்குப் போனேன். 1893-ஆம் வருஷத்துப் பவுன் காசு. அபூர்வமாம். புருஷனைப் பறிகொடுத்து முக்காடு போட்ட கிழவி விக்டோரியா. மேசையில் வைத்தேன். வீட்டில் இரண்டு பேரானோம். தலை வாரி, சட்டை மாற்றி, போன் போட்டேன்.

"கலா, இன்னொரு காசு வாங்கிட்டேன்."

"அப்படியா."

"விக்டோரியா லா! தங்கம்!"

"சரிங்க."

"ரொம்ப விலை."

"இருக்கட்டும்."

"ஏய், திட்ட மாட்டியா?"

"திட்டாம இருப்பேனா? முன்னாடியே திட்டி வெச்சிருக்கேன். இப்ப அனுப்பிட்டேன், வாட்ஸ்அப் பாருங்க."

பார்த்தேன். வாய்ஸ் மெசேஜ். நாற்பது நிமிடம்! எடுத்த எடுப்பிலேயே, "அறிவு இருக்கா உங்களுக்கு?"

"இதை எப்பப் பேசின?"

"போன வாரம், பையன் தூங்குறப்ப. நீங்க வாங்குவீங்கன்னு தெரியும். உங்களுக்குக் காசா வேணும்? திட்டுதானே வேணும்? இனி எப்பத் தோணுதோ, போட்டுக் கேளுங்க."

"அப்ப நீ வர மாட்டியா?"

"பையனை விட்டுட்டு எப்படிங்க வர்றது? மாப்பிள்ளை வருவாரு. காசைக் கொடுத்து விடுங்க. உங்ககிட்ட இருந்தா அதுக்கு ஜோடி தேடுவீங்க."

மருமகன் குகன் அரை மணியில் வந்தார். டீ கூடக் குடிக்கவில்லை. முக்காட்டுக்காரியைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் மாமா" என்று கிளம்பிவிட்டார். கதவைச் சாத்தினேன். மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது.

இப்போது மூன்றாவது தடவையாக மெசேஜைக் கேட்கிறேன். பதினேழாவது நிமிடத்தில், "என்ன முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" என்கிறாள், மூன்று தடவையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.