பையன்கள் இல்லாத வகுப்பில் கணக்கு

மரியாதைக்குரிய மச்சான் ஜெயபாலன் அவர்களுக்கு,

சிலிபினிலிருந்து மகேந்திரன் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் மனசு சரியில்லை. பாகான் செராயில் என் அக்காவும் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொன்னவர்களுக்கு எப்போதும் சௌக்கியம்தான். வாட்சாப்பில் போட்டால் குடும்பமே சிரிக்கும் என்பதால் கடிதம்.

"பையனுங்க இருந்தா பொம்பளப் பிள்ளைங்க கணக்கு வகுப்புல வாயே தொறக்காதுங்க, பெண்கள் பள்ளியில போடுலா" என்று நீங்கள் சொல்லித்தானே என் மகள் தினேஸ்வரியை நான்காம் படிவ வகுப்பில் மாற்றினேன்? கலப்புப் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை, இங்கே கூடுதல் கணிதத்தில் ஃபெயிலாகி, அந்தப் பாடமே வேண்டாம் என்கிறாள். பாலம் கட்டும் இன்ஜினியராவேன் என்றவள், வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் பாடத்தை விடுவதாகச் சொல்லப்போகிறாளாம். போட்டிக்குப் பையன் இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டி, பழைய வகுப்பில் அவளுக்கு அடுத்து வந்த பவித்ரனைச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட அழைக்கலாமென்று லகாட்டிலுள்ள அவன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஆப்பிள் வேறு வாங்கிக்கொண்டேன். தினேஸ்வரியின் அப்பா என்று சொன்னதுதான் தாமதம், அவன் அம்மா குமுதா பையனைக் காதைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

"அந்தப் புள்ளய என்னடா செஞ்ச?"

"ஒன்னும் செய்யலமா, கணக்குதான் கேப்பேன். அவ போனதுலேருந்து நானும் ஃபெயில்லா."

அவன் ஃபெயிலானது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரியுமாம். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்து, என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஆகவே பிரித்ததால்தான் இரண்டு பிள்ளைகளும் கெட்டார்கள். பழைய பள்ளித் தலைமையாசிரியர் உங்களுக்குத் தெரிந்தவர்தானே, வெள்ளிக்குள் பேசி அவளைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு மட்டும் வேலை முடிந்தபிறகு.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத மகேந்திரன்

பி.கு.: தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டாம். தினேஸ்வரி இதைப் படித்துவிட்டாள். "பையன் இல்லாததுனால இல்லப்பா. அங்க எல்லாரும் கெட்டிக்காரிங்க, என்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. யாருக்காச்சும் சொல்லிக் குடுத்தாத்தான் எனக்கே புரியும்" என்றாள். சரி, எனக்குச் சொல் என்று உட்கார்ந்தேன். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "இதத்தான்பா பரீட்சையில தப்பாப் போட்டேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. பாடத்தை விடவில்லையாம், ஆனால் தினமும் நான் உட்கார வேண்டுமாம். இன்று ஒரு கணக்கு எனக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது மச்சான். ஆனாலும் அவளிடம், புரியவில்லை, இன்னொரு தடவை சொல் என்றேன்.