உட்கார்ந்தபடியே நடக்கும் மெஷின்

நடப்பதில்லை என்ற முடிவை நான் டாக்டரின் அறையிலேயே எடுத்துவிட்டேன்.

அவர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த வீட்டில் யாரிடம் சொன்னால் காரியம் ஆகும் என்று டாக்டர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

"சர்க்கரை எல்லை தாண்டி நிக்குதும்மா. தினம் ஒரு மணி நேரம் நடக்கணும். ஒரு மாசம் பார்ப்போம். குறையலைன்னா ஊசிதான்."

"ஒரே ஒரு ஊசியா டாக்டர்?" என்று இடையில் புகுந்தேன்.

"தினம் ஒண்ணு. வயித்துல."

எனக்கு ஊசி என்றால் உயிர் போகும். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்தால்கூட அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஆனால் நடை என்றால் அதைவிடக் கஷ்டம். என் உத்தியோகம் அப்படி. வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷத்தில் மூன்று நாற்காலிகள் உடைந்துவிட்டன, நான் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். 'இணைப்பு இரண்டு இல்லை', 'கையெழுத்து கட்டத்துக்கு வெளியே' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவேன். நடப்பதெல்லாம் விண்ணப்பம் போட்டவர்கள் பாடு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"நாளையிலேர்ந்து காலையில நடக்கப் போறீங்க."

"காலையில பனி."

"சரி, சாயங்காலம்."

"சாயங்காலம் தூசி."

"மத்தியானம்?"

"வெயில்ல நடக்க விட்டுக் கொல்லப் பார்க்கிறியா?"

அவள் தினமும் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். நான் தினமும் எடுத்து உள்ளே வைத்தேன். அந்த நாலு நாளில் நான் செய்த உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் ஃபோனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. உட்கார்ந்த இடத்திலேயே ஆறாயிரம் அடி நடக்கலாமாம். பலகை மாதிரி ஒரு மெஷின். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் அதன் மேல் வைத்தால் போதும், முன்னும் பின்னும் அதுவே ஆட்டும். கூடவே ரிமோட். கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆர்டர் போட்டேன். என் ஃபோனில் தகவல் எதுவும் ஒழுங்காக வராது என்பதால் மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அது இரண்டாவது. முதலாவது எது என்று இங்கே எழுதினால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காது.

மெஷின் வந்தது. காலை வைத்தேன். பேப்பரைப் பிரித்தேன். நாலாம் பக்கம் போவதற்குள் ஆயிரம் அடி.

"பார்த்தியா, நடக்கிறேன்."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க நடக்கலை. உங்க காலு நடுங்குது. குளிர் ஜுரம் வந்தாலும் இப்படித்தான் ஆடும். திருப்பி அனுப்புங்க."

"மூணு வாரம் டைம் இருக்கு. டெஸ்ட் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போமே."

"இப்பவே டாக்டருக்கு ஃபோன் போடறேன். ஊசியை இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்றேன்."

நான் பேப்பரை மடித்தேன்.

மனைவி ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பார்சல் ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுக்கணுமாம். செலவு நம்மளுதாம்."

"ஸ்கூட்டர் சாவி எங்கே?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன். ஏதோ பார்ட் வரணுமாம்."

"வாடகைக்கு ஒரு வண்டி கூப்பிடு."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? வாங்கினவர் தூக்கட்டும்."

பஸ்ஸில் ஏறப் பார்த்தேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், விசில் ஊதிவிட்டார். ஏழு கிலோ. தோளில் ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டி தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, ஒரு மேடு ஏறினால் பார்சல் ஆபீஸ். போய்ச் சேரும்போது என் சட்டையைப் பிழிந்து ஒரு செடிக்கு ஊற்றியிருக்கலாம்.

கவுண்டரில் ஒரு அம்மா. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்துத் தையல் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டேன். அவர் பெட்டியை நீளம், அகலம், உயரம் அளந்தார்.

"பதினாறு கிலோ சார்."

"மேடம், தராசுல ஏழுதான் காட்டுது."

"மெஷின் ஏழு. பெட்டி அடைச்சுக்கிற இடம் பதினாறு. எது அதிகமோ அதுக்குத்தான் காசு."

"உள்ளே மிச்சமெல்லாம் வெறும் காத்து."

"காத்தையும் நாங்கதானே சார் லாரியில ஏத்தணும்."

சொன்ன தொகை மெஷின் விலையில் பாதி. சின்னப் பெட்டியில் போட்டால் குறையும் என்றார். திரும்பி நடந்தேன்.

மறுநாள் சின்னப் பெட்டி. "வெளியே பழைய கடை விளம்பரம் இருக்கு சார், மறைக்கணும்," என்றார். அதற்கு அடுத்த நாள் பழுப்புத் தாள் சுற்றிக்கொண்டு போனேன். "ரிட்டர்ன் சீட்டு ஒட்டலையே?" சீட்டை அச்செடுக்க மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. ஒட்டினேன். கிழியாமல் இருக்கட்டும் என்று மேலே டேப் போட்டேன். டேப் பளபளப்பில் கவுண்டர் ஸ்கேனரால் சீட்டின் கோடுகளைப் படிக்க முடியவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஐந்தாவது தடவை, "உள்ளே பேட்டரி இருக்கா?" என்று கேட்டார்.

"ரிமோட்ல இருக்கு."

"எடுத்துடுங்க. பேட்டரியோட ஏத்த மாட்டோம்."

பெட்டியைப் பிரித்துப் பேட்டரியை எடுத்து மறுபடி ஒட்டுவதற்குள் மணி ஏழரை. அன்றைய லாரி ஏழு மணிக்கே போய்விட்டது. "இங்கேயே வச்சிட்டுப் போறேன் மேடம்," என்று கெஞ்சினேன். பதிவாகாத பார்சல் ராத்திரி உள்ளே இருக்கக் கூடாதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் முதல் நாளே மொத்தமாச் சொல்லக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா? ஒரு மனுஷனை இப்படி அலைய விடலாமா?"

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அந்த விண்ணப்பம் வாங்குற ஆபீஸ்லதானே சார் இருக்கீங்க? ஏழாம் நம்பர் ஜன்னல்?"

"ஆமா."

"போன வருஷம் எங்க அப்பா பென்ஷனுக்கு வந்தேன். நாலு தடவை."

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். "அதுக்குத்தான் பழி வாங்குறீங்களா?"

"சேச்சே. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க."

ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். அன்று வீடு வரும் வரை பெட்டி கனத்தது எனக்கு நினைவில்லை. அந்த அம்மாவின் முகம் ஏன் எனக்கு நினைவில்லை என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. மறுநாள் ஆபீஸில் ஒரு பெரியவரின் விண்ணப்பத்தில் இணைப்பு இரண்டு இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தவன் மூடினேன். "இருங்க, உங்க அசலைக் கொடுங்க, நானே பிரதி எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து ஆபீஸே எழுந்து நின்றது. எனக்கு நெஞ்சு வலி என்று நினைத்துவிட்டார்களாம்.

இத்தனைக்கும் பார்சல் போனபாடில்லை. பெட்டி எல்லா விதிக்கும் கட்டுப்பட்டுத் தராசில் ஏறிய நாளில் மனைவியிடமிருந்து ஃபோன்.

"என்னங்க, அந்த மெஷினோட ஒயர் இங்கயே இருக்கே. ஒயர் இல்லாம அனுப்பினா பணம் திரும்பி வராதாம்."

இறக்கினேன். ஒயரைப் போட்டுக்கொண்டு வந்தால் சீட்டு காலாவதி, ஏழு நாள்தான் அதற்கு ஆயுள். புதுச் சீட்டோடு வந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்த அன்று அந்த அம்மா லீவு. அதற்கு அடுத்த நாள் மனைவி ஃபோன் செய்தாள், விளக்கப் புத்தகம் தலையணைக்கு அடியில் கிடக்கிறதாம். கணக்குப் பார்த்தால் மூன்று வாரத்தில் பதினேழு தடவை. வழியில் டீக்கடைக்காரர் என்னைப் பார்சல்காரன் என்று நினைத்து, "எங்களுக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், தொப்பை எங்கே?" என்றார். பார்சல் ஆபீஸில் வைத்துவிட்டு வந்தேன் என்றேன். ராத்திரி படுத்தால் ஊசிதான் கண்ணுக்குள் வந்தது. மெஷினும் பெட்டிக்குள், நடையும் இல்லை, மாசமும் முடியப் போகிறது. நிஜமாகவே பயந்துபோயிருந்தேன்.

பரிசோதனை நாள் வந்தது. சீட்டை டாக்டர் இரண்டு தரம் படித்தார். நான் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன்.

"எல்லைக்குள்ள வந்துடுச்சு. ஊசி வேண்டாம். நல்லா நடந்திருக்கீங்க."

"எங்கே டாக்டர் நடக்கிறது? நேரமே கிடைக்கலை. தினம் பார்சல் ஆபீஸுக்கு அலையவே சரியா இருந்துச்சு."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தோளில் ஏற்றினேன். திருப்பி அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு ஆள், முதுகில் பெரிய பை.

"ரிட்டர்ன் பார்சல் எடுக்க வந்தேன் சார்." என் தோளிலிருந்தே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அளக்கலையா?"

"வேண்டாம் சார்."

"சீட்டு சரியா ஒட்டியிருக்கான்னு பாருங்க. பேட்டரியை எடுத்துட்டேன். பணம் எவ்வளவு?"

"இலவசம் சார். நீங்க ஃபோன்ல சொன்னா வீட்டுக்கே வந்து எடுத்துக்குவோம்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அப்படித்தான்," என்றார். வந்து போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் திரும்பினேன். மனைவி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"முதல் நாளே கேட்டாங்க," என்றாள். "வீட்டுக்கு வந்து எடுத்துக்கவா, நீங்களே பார்சல் ஆபீஸ்ல கொடுக்கிறீங்களான்னு. நான் ரெண்டாவதை அமுக்கினேன். இன்னிக்குத்தான் முதலாவதை அமுக்கினேன்."

"ஸ்கூட்டர்?"

"பக்கத்து வீட்டு ஷெட்ல."

"ஒயரு?"

"ஒயரும் புத்தகமும் நான்தான் எடுத்து வச்சேன். மத்ததெல்லாம் பார்சல் ஆபீஸே பார்த்துக்கிச்சு. அவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கலை."

"இருபத்திரண்டு வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணியிருக்கேன். என்னை இப்படி நாயா அலைய விட்டியே."

"போக அரை மணி, வர அரை மணி. டாக்டர் சொன்ன கணக்கு." கோபமாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் சுவரோரத்திலிருந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "நடங்கன்னு சொன்னா நடக்க மாட்டீங்க. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்னா மட்டும் உயிரைக் கொடுப்பீங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க. ராத்திரியெல்லாம் உங்களையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஊசி போடற அளவுக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு அவ்வளவு பயம்."

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தி எனக்காக விழித்துக் கிடந்திருக்கிறாள், நான் பனி, தூசி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே நீ பயப்பட வேண்டாம். நாளையிலேர்ந்து நானே நடக்கிறேன்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா. பனி பெய்யட்டும், தூசி பறக்கட்டும், ஒரு நாள் விட மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தெரியும், நீங்க சொன்னா செய்வீங்க," என்றாள். "இருந்தாலும் நாளைக்கு ஒரு இரும்பு நாற்காலி வருது. அது நமக்குப் பிடிக்கப் போறதில்லை."