மாறவே மாறாத டிக்‌ஷனரி

2006-ஆம் ஆண்டு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு கம்பெனியின் நான்காவது மாடியில், உலகத்தின் நிலையாமைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. வைத்தவர் புராஜெக்ட் மேனேஜர் சீனிவாசராகவன். சரித்திரப் புத்தகங்களில் இது இன்னும் ஏறவில்லை என்றால் அது அவற்றின் குறை.

ஊழியர் பெயரைக் கொடுத்தால், அவரை அழைத்துவரக் கம்பெனி கார் போகவேண்டிய முகவரியைச் சொல்லும் 'டிக்‌ஷனரி' ஒன்றை அவர் புரோகிராமில் கட்டினார். யாராலும் மாற்ற முடியாத டிக்‌ஷனரி! திருத்தம் வேண்டுமென்றால், பழையதைத் தொடாமல், திருத்தம் சேர்ந்த புதுப் பிரதி ஒன்று பிறக்கும். எவ்வளவு நாகரிகம்! கேக் வெட்டினார்கள்.

புரோகிராமர் வனஜா ஸ்ரீராம்புரத்திலிருந்து ஆனேக்கலுக்குக் குடிபோனாள். முறைப்படி விண்ணப்பித்தாள். மூன்று கூட்டங்களுக்குப் பின் 'திருத்தப்பட்டது' என்று திரை அறிவித்தது. மறுநாள் காலை டிரைவர் கோவிந்தனிடமிருந்து போன்.

"மேடம், கீழ வாங்க."

"அண்ணா, நான் ஆனேக்கல்ல நிக்கிறேன்."

"நான் ஸ்ரீராம்புரத்துல நிக்கிறேனே! உங்க ஹவுஸ் ஓனரம்மா காபி கூட குடுத்தாங்க. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணி இங்கயே வந்துடுங்க மேடம்."

பஸ் பிடித்து வந்தவளுக்குத் தாமதக் குறி விழுந்தது. ஐந்து விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. நான்காவது விழுந்த அன்று புரோகிராமைத் திறந்து பார்த்தாள். முதல் வரியில் 'ஆக்கியவர்: சீனிவாசராகவன்' என்றிருந்தது. நாற்பதாவது வரியில் விஷயம் இருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுப் பிரதி ஒழுங்காகத்தான் பிறந்தது; அதை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. பிரசவம் பார்த்துவிட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவந்த கதை. புரோகிராம் பழைய பிரதியையே கட்டிக்கொண்டு அழுதது.

"சார், அந்த வரியைக் கொஞ்சம் திருத்தினா போதும்" என்றாள் சீனிவாசராகவனிடம்.

"மாறாத டிசைன்மா இது. அதுல கை வெச்சா, அப்புறம் மாறாததுன்னு எப்படிச் சொல்றது?"

அந்த வாரமே ஜெனரல் மேனேஜர் ரகுராமும் வீடு மாறினார். அவருடைய கார் பழைய வீட்டு வாசலில் பக்தியோடு காத்திருக்க, அவர் புது வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். உடனே விசாரணைக் கூட்டம். பெரிய திரையில் புரோகிராம் விரிந்தது.

முதல் வரியில் 'ஆக்கியவர்: வனஜா' என்றிருந்தது.

"சின்னப் பொண்ணு. அனுபவம் பத்தாது, மன்னிச்சுடலாம் சார்" என்றார் சீனிவாசராகவன், பெருந்தன்மையோடு.

வனஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுந்து நின்றாள்.

"இருக்கட்டும் சார். மாறவே மாறாத டிசைன்ல அந்தப் பேரை மட்டும் எப்படி மாத்தினீங்க? அதே மாதிரி என் அட்ரஸையும் மாத்திக் குடுத்துடுங்க."