கட்டெறும்பு வகையறா

அந்த வருடம் பாச்சலூர் மலையில் அவரை அமோகமாகக் காய்த்தது. பறிக்கத்தான் ஆளில்லை. ஊரே தன் பாட்டனைத் தேடிப் போயிருந்தது.

தொலைந்துபோன பாட்டனை அல்ல. செத்துப்போன பாட்டனை.

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பிவிட்டான் என்று ஒட்டன்சத்திரம் தேநீர்க் கடையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அதே காலம். மலைமேல் நம் ஆட்கள் ஒரு சங்கின் வழியாகப் பாட்டனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கியவர் சங்குச் சித்தர். எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. காவி கட்டியவரிடம் ஊர் கேட்பது மரியாதை இல்லையாம்.

அந்த மலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வகையறாப் பேர் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வழி கேட்டால் அந்தப் பேரைச் சொன்னால்தான் கைகாட்டுவார்கள். ஓட்டைவாயன் வகையறா. மொச்சைக்கொட்டை வகையறா. தவளை வகையறா. யார் வைத்தது, ஏன் வைத்தது, தெரியாது. வைத்தவனும் போய்விட்டான், வாங்கியவனும் போய்விட்டான். பேரப்பிள்ளைகள் சுமந்துகொண்டிருந்தார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு.

அந்தக் கூச்சத்தின் மேல்தான் சித்தர் கொட்டகை போட்டார்.

போய் உட்கார்ந்து வகையறாப் பேரை மட்டும் சொன்னால் போதும். சித்தர் சங்கைக் காதில் வைத்துக்கொள்வார், கண் சொருகும், உடம்பு உதறும். சங்குக்குள்ளிருந்து உங்கள் மூதாதை பேசுவார். என்ன வசதி பாருங்கள், சித்தருக்கு மட்டும்தான் கேட்கும்!

"ஓட்டைவாயன் இல்லடா, கோட்டைவாயன்! பாண்டியன் கோட்டை வாசலைக் காத்த தளபதி ஒன் பாட்டன்!"

ஓட்டைவாயன் வகையறா மணியன் அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். மொச்சைக்கொட்டை வகையறா, 'மன்னன் மெச்சிய கோட்டை' ஆனது. சில வாரங்களில் பாச்சலூரில் நடமாட இடமில்லாமல் தளபதிகள் பெருகிவிட்டார்கள். பாண்டியன் படையில் சிப்பாய் என்று ஒருவன்கூட இருந்ததாகத் தெரியவில்லை. பாவம், அதனால்தான் ராச்சியம் போயிற்றோ என்னவோ.

பாட்டனைக் காட்டியது இலவசம். அதற்கடுத்த சங்கதிதான் வியாபாரம். "இவ்வளவு பெரிய பேரைச் சிதைச்சுட்டீங்களே, பேர்முறிவு தோசம் கெடக்கு" என்பார். பூசை செய்ய வேண்டும். ஓட்டைவாயன் வீட்டிலிருந்து ஒரு ஆடு போயிற்று. மொச்சைக்கொட்டை வீட்டிலிருந்து வாழைத்தாரும் தேன்குடமும் போயின. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்தையே கூடியது.

இந்தக் கூத்தில் அன்னக்கொடியின் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

அன்னக்கொடி, அழகுமலையின் ஒரே மகள். அவர்கள் கட்டெறும்பு வகையறா. தவளை வகையறா நல்லுசாமியின் மகன் வேலுமணிக்கு அவளைப் பேசி முடித்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. அந்த இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை என்பது அவரைத் தோட்டத்துக் காக்கைக்கும் தெரியும்.

நல்லுசாமி சித்தரிடம் போனார். சித்தர் சங்கைக் கேட்டார். "தவளை இல்லப்பா. தவளம்! தவளம்னா வெள்ளை. பாண்டியனோட வெள்ளை யானையைக் கட்டிக் காத்த வம்சம்!" நல்லுசாமியின் நடை அன்றிலிருந்து மாறிப்போயிற்று. திரும்பிப் பார்ப்பதற்குக்கூட முழு உடம்பையும் மெல்லத் திருப்பினார்.

அழகுமலையும் போனார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். அதுதான் தப்பு. சீப்பைப் பார்த்ததும் சங்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டெறும்பா? எறும்பு காதுல பூந்தா யானை என்னாகும்? மாப்பிள்ளை உசுருக்கு ஆகாது. பேரை மாத்திப் பூசை போடணும். பால்மாட்டோட வா."

நல்லுசாமி அன்று மாலையே சொல்லி அனுப்பிவிட்டார்: பூசை நடக்காமல் கல்யாணம் இல்லை.

அழகுமலை மாட்டை அவிழ்க்கத் தொழுவத்துக்குப் போனபோது அன்னக்கொடி குறுக்கே நின்றாள்.

"மாட்டைக் குடுத்துட்டு நாளைக்கு என்னத்தக் கறப்பீங்க? சங்கையா?"

"ஏத்தா, மாப்பிள்ளை உசுருன்னு சொல்றாரு. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு ஒன்னையத்தான சொல்லும்? எனக்குப் பயமாக் கெடக்கு." அதற்குமேல் அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கப்பா. கந்தம்மா அத்தைய வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

கந்தம்மாள், அழகுமலையின் தங்கை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல் செய்பவர். சித்தர் அவரைப் பார்த்ததில்லை. அதுதான் அன்னக்கொடிக்கு வேண்டியிருந்தது. அத்தை வந்திறங்கியதும் காதோடு காதாக ஏதோ சொன்னாள். அத்தை சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது.

மறுநாள் இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். கையில் ஒரு தூக்குவாளி. கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் நல்லுசாமி, யானை நிற்பதுபோல் நின்றார். பக்கத்தில் வேலுமணி, பட்டினி கிடந்தவன் முகத்தோடு.

"யாரும்மா? வகையறாப் பேரு என்ன?" என்றார் சித்தர்.

"நாயுடுபுரத்துலருந்து வாரேங்க சாமி" என்று கும்பிட்டார் கந்தம்மாள். "நான் வாக்கப்பட்டது கஸ்டடு வகையறாங்க. அர்த்தந்தான் தெரியல."

சங்கு காதுக்குப் போயிற்று. கண் சொருகியது. உடம்பு உதறியது.

"கஸ்டடு... இல்ல, இல்ல. கஷ்டம் அட்டார்! அட்டார்னா அழிச்சவர். ஊரோட கஷ்டத்தையெல்லாம் அழிச்ச மகாவீரர் அந்த வீட்டுப் பாட்டன்! சேரனுக்கு வலது கை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அடேயப்பா! ஆளு எப்படிங்க இருப்பாரு? மஞ்சளா இருப்பாரோ?"

"ஆமா! பொன்னு மாதிரி மேனி. எதிர்ல நிக்கிறாரு!"

"தொட்டா லேசா ஆடுவாராங்க?"

"ஆட்டமா? போர்க்களத்துல அவர் ஆடின ஆட்டத்துல பூமியே ஆடுச்சு!"

"பாலும் சீனியும்னா அவருக்கு உசுரோ?"

"சங்கும் அதைத்தாம்மா சொல்லுது! பாலும் சீனியும் படைக்காம விட்டுட்டீங்க. அதான் தோசம். வெரசா ஒரு பூசை..."

அன்னக்கொடி முன்னால் வந்தாள். தூக்குவாளியைச் சித்தருக்கு எதிரே வைத்து மூடியைத் திறந்தாள்.

"உங்க மகாவீரர் இதுக்குள்ளதான் இருக்காருங்க. வெள்ளனே காய்ச்சினது. பாலு, சீனி, முட்டை. துரை வீட்டுல சோறு தின்ன பொறவு கரண்டியில அள்ளித் திம்பாங்க. பேரு கஸ்டடு. நீங்க பூசைக்குக் கேட்டீங்களே, அதே மாட்டுப் பாலுதான். ருசி பாருங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்வரிசைவரை பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை.

சித்தர் லேசுப்பட்டவரா? சங்கை ஓங்கி எழுந்தார். "சோதிக்க வந்த பாவி! சோதிக்க வந்தவளுக்குச் சங்கு பொய்தான் சொல்லும்!"

"சரிங்க. அப்ப சங்கு பொய்யும் சொல்லும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. எங்க பேரு வேலுமணி உசுருக்கு ஆகாதுன்னு சொன்னது பொய்யா, மெய்யா? அதை எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? இன்னொரு சங்கை வச்சா?"

சித்தர் சங்கை இடுப்பில் செருகினார். "நீராடிட்டு வந்து சொல்றேன்" என்று ஓடைப்பக்கம் போனார். நீராடினாரா என்பது தெரியாது. ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றிப்போன லாரியில் அவரை முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவே கண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் கட்டிக் கிடந்த ஆடுகளை அவிழ்த்து விட்டார்கள். ஒவ்வொன்றும் யாரையும் கேட்காமல் தன் தன் வீட்டுக்கு நேராக நடந்து போயிற்று. ஆடுகளுக்குத் தங்கள் வகையறாவில் சந்தேகமே இல்லை.

மனிதர்கள்தான் நகரவில்லை. போன ஆடு திரும்பிவிட்டது. போன பாட்டன் திரும்பவில்லையே! மணியன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... கோட்டைவாயன் பொய்யா?" மீசை தானாகத் தொங்கிப்போயிருந்தது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நல்லுசாமி மட்டும் பிடிவாதத்தை விடவில்லை. "சங்கு பொய்யாவே இருக்கட்டும். ஆனா அந்த வெள்ளை யானை..."

"ஏலே நல்லுசாமி!" என்றாள் கூட்டத்திலிருந்த கருப்பம்மாள். ஊரிலேயே அவளுக்குத்தான் வயது அதிகம். "ஒன் தாத்தன் கொறட்டைய நான் கேட்டவடா. மழைக்காலத்துத் தவளை தோத்துப்போவும். யானையாம்ல யானை!"

அன்னக்கொடி நல்லுசாமி எதிரே போய் நின்றாள். சிரிக்கவில்லை.

"மாமா, நீங்க யானையா இருந்தா எறும்பால உங்க மகனுக்குச் சாவுன்னாரு. தவளைன்னா, எறும்பத் திங்கிறது தவளைதான? பயப்பட வேண்டியவ நானு. எனக்குப் பயமில்ல. எங்க பாட்டன் எறும்பு மாதிரி பாடுபட்டாரோ, கருப்பட்டியத் திருடித் தின்னாரோ, எனக்குத் தெரியாது. பாத்தவுகளும் யாருமில்ல. அதுக்காக எங்க வீட்டு மாடு ஏன் போகணும்? இந்தக் கல்யாணம் ஏன் நிக்கணும்?"

வேலுமணி அதுவரை வாயைத் திறக்காதவன். இப்போது அவள் பக்கம் வந்து நின்றுகொண்டான். "ஐயா, நான் தவளையாவே இருந்துட்டுப் போறேன். நீங்க வேணா யானையா இருங்க. ஆனா தாலி கட்ட வெள்ளனே வந்துருங்க."

நல்லுசாமி மகனைப் பார்த்தார், தூக்குவாளியைப் பார்த்தார். கந்தம்மாள் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. வேலுமணியின் காதுக்குள் இதுவரை எறும்பு எதுவும் புகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? சில மாதங்களில், நல்லுசாமி வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "வெள்ளையானை வகையறாவா? அந்தா, மேட்டுல" என்று கைகாட்டத் தொடங்கினார்கள். நல்லுசாமி பல்லைக் கடித்தார். சித்தர் சொல்லும்போது இனித்த அதே பேர்தான்.

பாண்டியனும் வைக்கவில்லை, சேரனும் வைக்கவில்லை. வகையறாப் பேர்கள் இப்படித்தான் பிறக்கின்றன: ஒருவன் செய்த காரியம், அதைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரன்.

ஆகையால் மகாசனங்களே, உங்கள் பாட்டன் என்ன பேரெடுத்தான் என்று கேட்டு இன்னொரு கொட்டகை வாசலில் நிற்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே நிற்பதைப் பார்த்துத்தான் உங்கள் பேரனுக்குப் பேர் வைக்கப்போகிறார்கள்.