தோல் நீக்கிய கோழி: ஒரு நிர்வாகச் சாதனை

நெருப்பைக் கண்டுபிடித்தவன் அதில் முதலில் எதைச் சுட்டான் என்பதற்குச் சரித்திரத்தில் பதிவு இல்லை. குறிப்பெடுக்கத் தகுந்த ஆள் அப்போது பணியில் இல்லாததே காரணம். அதே குறை மறுபடியும் நேர்ந்துவிடக் கூடாது என்பதால், எண்ணெயில்லாமல் சுட்ட கோழியை மனித குலத்துக்கு, குறைந்தபட்சம் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எங்கள் மூன்று பேருக்கு, நான் வழங்கிய வரலாற்றை உள்ளது உள்ளபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பெரிய காரியங்களையும் போல இதுவும் ஒரு காகிதத்தில்தான் தொடங்கியது. ரத்தப் பரிசோதனைக் கூடம் கொடுத்த காகிதம். அதில் என் கொழுப்பின் அளவைத் தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் நட்சத்திரம் போட்டதில்லை. ஆகவே சற்றுப் பெருமிதத்தோடுதான் டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டில் ஓர் இதயம் வரைந்தார். அதற்குப் போகும் குழாய் ஒன்றை வரைந்தார். பிறகு குழாய்க்குள் பேனாவால் கறுப்பாக அடைத்தார்.

"பொரிச்ச கோழி சாப்பிடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் டாக்டர்."

"எத்தனை துண்டு?"

நேரடியாக எண்ணிக்கை சொல்வது எங்கள் அலுவலக மரபல்ல. "தேவையான அளவு" என்றேன்.

"மூணு மாசம் பார்ப்போம். எண்ணெய் கூடாது, தோல் கூடாது, வெண்ணெய் கூடாது. குறையலைன்னா உள்ள கம்பி விட்டுத்தான் பார்க்கணும்."

எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு வரியை மட்டும் அலங்காரமில்லாமல் சொல்லிவிடுகிறேன். வீடு வரும்வரை சட்டைப்பையில் இருந்த அந்த இதயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் தகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர். முப்பத்தொரு வருட சேவையில் என் மேசையில் எந்தக் கோப்பும் தங்கியதில்லை. காலையில் வந்த கோப்பு மாலைக்குள் போய்விடும். முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை; போய்விடும். ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். இதற்காக 'தேக்கமில்லா மேசை' என்னும் பாராட்டுப் பத்திரத்தை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். அடுத்த பிரிவின் கண்காணிப்பாளர்தான் சில வருடங்களாகக் கோப்புகளுக்குப் பின்னால் தென்படுவதில்லை. இருக்கிறார் என்றுதான் சொல்கிறார்கள்.

என் பிரிவில் உதவியாளர் ஒருவர் உண்டு. 'சுற்றறிக்கை' என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் காதில் ஒரு விஷயத்தைப் போட்டால் பன்னிரண்டு நகல் எடுத்து அனுப்பியதற்குச் சமம். ஓவன் யோசனையைச் சொன்னவர் அவர்தான்.

"கம்பித் தட்டுல கோழியை வெச்சு ஓவனுக்குள்ள தள்ளிடுங்க சார். கொழுப்பெல்லாம் கீழ சொட்டிடும். மேல இருக்கறது லேசாயிடும்."

"கீழ சொட்டினது?"

"அது கீழதானே சார் இருக்கு. நமக்கென்ன?"

இந்தப் பதிலில் இருந்த நிர்வாக ஞானம் என்னை உலுக்கிவிட்டது. அவருடைய பதவி உயர்வுக்கு நான் பரிந்துரை செய்திருக்க வேண்டும். அந்தக் கோப்பையும் வந்த அன்றே அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிட்டிருந்தேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் குடும்பக் கூட்டம் கூடியது. தலைமை நான். என் மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தருபவள். இறுகியதைத் தளர்த்துவாள், தொளதொளத்ததைப் பிடித்துத் தைப்பாள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும். கூட்டத்துக்கும் அதோடுதான் வந்தாள். எதிரே, கல்லூரியில் படிக்கும் மகள். எங்கள் வீட்டின் எதிர்க்கட்சி.

கோழியின் தோல் நீக்கப்படும் என்றும், எண்ணெய்ச் சட்டி பரண்மேல் ஏற்றப்படும் என்றும், தொட்டுக்கொள்ளத் தனியே ஒரு 'லேசான' சாஸ் உருவாக்கப்படும் என்றும் தீர்மானங்கள் நிறைவேறின. நான்காவது தீர்மானம் என் சொந்தச் சரக்கு: இந்த வீட்டில் உணவுப் பொருள் எதுவும் வீணாகக் கூடாது.

"நாலாவது எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"பொறுப்புள்ள குடும்பம்னா அப்படி ஒண்ணு இருக்கணும்."

"அப்ப உரிக்கிற தோலை என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கென்றே என்னிடம் ஒரு பதில் உண்டு. தீர்மானத்தின் ஓரத்தில் 'உரிய பிரிவு ஆவன செய்க' என்று எழுதினேன்.

"உரிய பிரிவுன்னா யாரு?"

"விடுடி, நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறியதாகக் குறித்து, தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். மனைவி அதைப் படித்துப் பார்த்து, கோணலாக இருந்த ஓரத்தை நேராக்கிவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிறு. மனைவி ஒரு துணியால் பிடித்துக்கொண்டு கோழித்தோலை உரித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். மேல்கோட்டிலிருந்து உள்துணியைப் பிரிப்பது போல ஒரே இழுப்பு. தயிரில் மிளகுத்தூள், உப்பு, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு கலந்து ஊற வைத்தாள். பிறகு துண்டு துண்டாக ரொட்டித் தூளில் புரட்டிக் கம்பித் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினாள். நாற்பது நிமிடம். இடையில் ஒரு முறை திருப்பிப் போட்டதும் அவள்தான். நான் ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு கண்காணித்தேன். கண்காணிப்பாளரால் வேறு என்ன செய்ய முடியும்?

கோழி லேசாக வந்தது. எவ்வளவு லேசு என்றால், வாயில் போட்டவுடன் தண்ணீர்ச் செம்பைத் தேட வைத்தது.

"அட்டை மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள்.

முப்பத்தொரு வருடம் கோப்பு அட்டைகளோடு வாழ்ந்தவன் நான். "இது நல்ல அட்டை" என்றேன்.

ஆகவே எல்லாம் சாஸின் கையில் வந்து நின்றது. முதல் ஆய்வில் முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். சொர்க்கம். எனவே நிராகரித்தேன். இரண்டாவதில் பாலேடும் சீஸும். அதைவிடச் சொர்க்கம், அதைவிடக் கடுமையாக நிராகரித்தேன். மூன்றாவதாக, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்து, கடுகு அரைத்த விழுது, பூண்டு, துளி தேன், எலுமிச்சை. ஒப்புதல் வழங்கினேன். ஆனால் நல்லது நல்லதுதான் என்பது எப்படித் தெரியும்? பக்கத்தில் கெட்டது இருந்தால்தானே? ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முதலிரண்டு சாஸ்களிலும் ஒவ்வொரு கிண்ணம் 'ஒப்பீட்டு மாதிரி'யாகத் தயாரிக்கச் சொன்னேன். நான் விரலால் ஒரு முறை தொட்டு, வெறுத்து, தயிரை மெச்சிக்கொள்வேன். மிச்சக் கிண்ணங்கள் நான்காம் தீர்மானத்தின்படி உரிய பிரிவுக்குப் போகும்.

உரிய பிரிவு சுணங்கியதே இல்லை. நானும் மகளும் சாப்பிட்டு எழுந்தபின், உரித்த தோலை மொறுமொறுவென்று வாட்டி, கீழ்த்தட்டில் சொட்டியிருந்த கொழுப்பில் முந்தின நாள் ரொட்டியைப் புரட்டி, கிண்ணங்களை வழித்து, அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். கோழித் துண்டு அவளுக்கு மிஞ்சுவது அபூர்வம். பொரித்த காலத்தில் நான்கோடு நிறுத்திக்கொண்டவன், லேசானது என்பதால் ஏழு சாப்பிட்டேன். "உக்காந்து சாப்பிடேன்" என்று அவளிடம் ஒரு முறை சொன்னதும் உண்டு. குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் மாதம் என் கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. மனைவி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு என்னைச் சுற்றி நாடாவை இழுத்தாள்.

"ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கீங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றைக்கே கால்சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தையல் மெஷின்மேல் அவளுடைய உடுப்பு ஒன்றும் பக்கத் தையல் பிரித்துக் கிடந்தது. அடுத்தவர் துணியே கதி என்று இருந்தவளுக்குத் தன் துணியைக் கவனிக்கவும் நேரம் கிடைத்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.

இன்னொரு நாள் மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அப்பா, அம்மா ரெண்டாவது மாடியிலயே உக்காந்துட்டாங்க."

"எதுக்கு?"

"மூச்சு வாங்குதாம். கை வேற மரத்துப்போற மாதிரி இருக்காம்."

"நான் இப்பெல்லாம் ரெண்டு ரெண்டு படியா ஏறறேன். அவளையும் அப்படி ஏறிப் பழகச் சொல்லு."

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்வது புதிதல்ல என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இதற்குள் சுற்றறிக்கையின் உபயத்தில் என் புகழ் ஐந்து பிரிவுகளுக்கும் பரவியிருந்தது. உணவு இடைவேளையில் 'இல்லத்தில் கொழுப்பு ஒழிப்பு' என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்தார்கள். பேசினேன். இடுப்பில் கை வைத்துக் கால்சட்டையைக் காட்டினேன். தட்டச்சுப் பிரிவு அம்மாள் மட்டும் கை தூக்கினார்.

"கோழியில இருந்த கொழுப்பு எங்க சார் போகுது?"

"போயிடுதும்மா."

"அதான், எங்க?"

"நம்மகிட்ட இல்லை. அதுதானே முக்கியம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த பிரிவின் திசையிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. கோப்புகள் மறைத்திருக்கும்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரிடம் குடும்பத்தோடு போனோம். வெற்றி விழாவுக்குத் தனியாகப் போவது மரியாதையல்ல. டாக்டர் என் காகிதத்தைப் படித்தார். நட்சத்திரம் இல்லை.

"நல்லா குறைஞ்சிருக்கு. கம்பியெல்லாம் வேண்டாம்" என்றார்.

என் மனைவி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்று மாதமாக அவள் அதை உள்ளே பிடித்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானம் ஒன்றிலிருந்து விளக்கத் தொடங்கினேன். மகள் தன் பைக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதையும் பாருங்க டாக்டர். அம்மாவோடது. நான்தான் போன வாரம் கூட்டிட்டுப் போய் எடுத்தேன்."

அதில் மூன்று நட்சத்திரங்கள் இருந்தன.

டாக்டர் சீட்டை இழுத்து மறுபடியும் இதயம் வரைந்தார். மறுபடியும் குழாய். இந்த முறை பேனா அதிக நேரம் அடைத்தது.

"என்னம்மா சாப்பிடறீங்க?"

"நானா? நான் தனியா ஒண்ணும் சாப்பிடறதில்லை டாக்டர். மிச்சம் இருக்கறதுதான்."

"மிச்சம்னா?"

அவள் விரல் விட்டுச் சொன்னாள். தோல். தட்டில் சொட்டினது. வெண்ணெய்க் கிண்ணம். பாலேட்டுக் கிண்ணம். குற்றம் சாட்டும் குரல் இல்லை. வாடிக்கையாளரிடம் துணியின் அளவைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிற குரல். டாக்டர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டை விட்டுக் கொழுப்பு எங்கயும் போகலை சார். ஆள்தான் மாறியிருக்கு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் புதிய கால்சட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசிறில்லாத தையல்.

"நாளைக்கே ஒரு டெஸ்ட் எடுக்கணும்மா, தள்ளிப் போடாதீங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர். "சாப்பாடு இவருக்குச் சொன்னதேதான். எண்ணெய் கூடாது. வெண்ணெய் கூடாது. தோலைத் தொடவே கூடாது."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி வந்தவள், கடைசியில் மட்டும் ஆட்டவில்லை. அவள் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தானே நேராக்கிவிட்ட அந்தத் தீர்மானத் தாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அப்ப தோலை யாருங்க சாப்பிடறது?" என்று என்னிடம் கேட்டாள்.

முப்பத்தொரு வருடப் பழக்கம். கேள்வியை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று கை தானாகவே பேனாவைத் தேடியது. எங்கள் வீட்டில் எனக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு பிரிவு. கேள்வி அங்கிருந்துதான் வந்திருந்தது.