செட்பேக் சார் கொடுத்த மொட்டைமாடி

1. சிதம்பரத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தினார்கள்.
2. அதில் பிலோமினா அக்காவின் தையல் கடை முழுசாகப் போனது.
3. கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த செட்பேக் சாரின் வீடு ஒரே வாரத்தில் மெயின் ரோட்டு வீடாகிவிட்டது.
4. தெருவே அவருக்கு வாழ்த்துச் சொன்னது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லாபம் வந்ததற்காக நடுங்கிய மனிதர் தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

2009-ல் சிவில் முடித்த கையோடு, வீட்டு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தரும் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். கடலூரில் இருந்த அந்த ஆபீஸுக்குச் சார்தான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலியிடத்துக்கு செட்பேக் என்று பெயர். சார் அதை வாழ்க்கை முழுவதற்கும் அமல்படுத்தியிருந்தார். மேஜை விளிம்பிலிருந்து டிபன் பாக்ஸுக்கு ஆறு அங்குலம். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்குக் காசு கொடுத்துத் தனியாக உட்காருவார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்து, முன்னால் போகும் லாரிக்கு இடைவெளி போதாது என்று சிதம்பரம் வரை சொல்லிக்கொண்டே போவார். ஒரு டிரைவர் ஆலப்பாக்கத்திலேயே இறக்கிவிட்டதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் போய் நின்றார். மற்றவர்கள் எதையாவது கேட்டு எழுதியிருந்தார்கள். சாரின் மனு இது: நான் ஒன்றும் செய்யாமலே என் வீட்டு மதிப்பு ஏறிவிட்டது, ஏறியதில் ஒரு பங்கை எந்த ஜன்னலில் கட்டுவது? வாங்கியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று மெதுவாக விசாரித்தார்.

அடுத்து, சென்னையில் இருக்கும் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். சாலைக்கு நிலம் கொடுத்தவர், அதற்கு ஈடாக வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நம் ஊருக்கு அது கிடையாது சார் என்றேன்.

“இல்லன்னா நாமளே குடுத்துட வேண்டியதுதான்மா.”

அதாவது, போன கடைக்கு ஈடாக, தன் மொட்டைமாடியில் கட்டிக்கொள்ளும் உரிமையை அக்காவுக்குக் கொடுப்பது. அவசரமும் இருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும். யூனிஃபார்ம் தைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அக்காவுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடும். நஷ்டஈடு வந்தும் அந்தத் தெருவில் வேறு இடம் கிடைக்கவில்லை. தெரு மாறினால் வாடிக்கை போய்விடும்.

பத்திரம் எழுதுபவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “எடம் எழுதலாம், வூடு எழுதலாம். காத்துக்கு கைடுலைன் வேல்யூ இன்னான்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது, சார்?”

சாரின் மனைவி கேட்டது வேறு. “ஏங்க, ஆட்டோல பக்கத்துல ஒருத்தர் ஒக்காரக் கூடாது. தலைக்கு மேல மூணு மிஷின் ஓடலாமா?”

ஆனால் எல்லோரையும்விடப் பயந்தது பிலோமினா அக்காதான். “இன்னைக்குத் தானமா வாங்கிக்கறேன். நாளைக்கு உங்க மவன் எறங்குன்னா நான் எங்க போவேன், அண்ணே?”

“தானம் இல்லம்மா. உன் கட போனதாலதான் என் வூடு ரோட்டுக்கு வந்துது. அந்த லாபத்துல பங்கு உன்னுது.”

மிச்சமிருந்தது என் வேலை. அந்த வீடு தாங்குமா?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தோண்டிப் பார்த்தால் அஸ்திவாரம் மூன்றடிகூட இல்லை. அடியில் களிமண். கான்கிரீட் மாடி கூடவே கூடாது. தகர ஷீட் கூரை, அதுவும் பாதி மாடிக்கு மட்டும், மிஷின்கள் சுவரை ஒட்டி என்று எழுதினேன். எழுதிய பிறகும் எட்டு நாள் கையெழுத்துப் போடவில்லை. படித்து முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் கையெழுத்தை நம்பி ஒரு பெண் மேலே ஏறப்போகிறார், ஒரு குடும்பம் கீழே தூங்கப்போகிறது. கணக்கை ஐந்து முறை போட்டேன். சார் தினமும் ஆபீஸ் வாசலிலேயே நின்று “என்னம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டேன். நகராட்சி அனுமதி சார் பெயரில் வந்தது. மே மாதக் கடைசியில் கூரை ஏறியது.

மிஷின்கள் ஓடிய முதல் நாள், சார் உள்ளறையிலிருந்து தன் கட்டிலை இழுத்துவந்து அவற்றுக்கு நேர் கீழே போட்டார். தள்ளிப் போடச் சொன்னேன். கேட்கவில்லை.

“நான் குடுத்த எடம். எதாச்சும் வுழுந்தா மொதல்ல எம்மேல வுழட்டும்.”

இது 2012. கடை மாடியில் நடக்கிறது. உரிமை எந்த ஆபீஸிலும் பதிவாகவில்லை. சாரும் மனைவியும் மகனும் கையெழுத்துப் போட்ட ஒரு முத்திரைத்தாள் அக்காவின் மிஷின் டிராயரில் இருக்கிறது. எனக்கு வேறு ஊரில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிதம்பரம் போய், சாரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, கட்டிலை நகர்த்திச் சுவரைப் பார்க்கிறேன். போன வாரம் வரை விரிசல் இல்லை.